சந்தையில் வாங்கிய இளங்குதிரை சாக்குப்பைக்கு மிரண்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவார், மார்வாரி, நாட்டு மட்டக்குதிரை எனப் பல இனங்கள் வந்து நிற்கின்றன. வாங்க வருகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார்கள், நடக்கவிட்டுக் கால் பார்க்கிறார்கள். ஒரு குடையை விரித்துக் காட்டி, குதிரை என்ன செய்கிறது என்று பார்ப்பவர் குறைவு. ஊருக்குக் கொண்டுவந்த மறுநாள் கதை வெளிப்படுகிறது. வேலியில் சிக்கிப் படபடக்கும் பிளாஸ்டிக் பை, கொடியில் காயும் வேட்டி, களத்தில் விரித்த நீலத் தார்ப்பாய், உதைத்துக் கிளப்பும் பைக் என்று எதைக் கண்டாலும் இரண்டு வயதுக் குதிரை தலையைத் தூக்கி, மூக்கை விடைத்துச் சீறி, பிடித்திருப்பவரை இழுத்துக்கொண்டு திரும்பி ஓடப் பார்க்கிறது.

அதற்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? "திமிர்" என்று சாட்டை எடுக்கிறார்கள். அல்லது புளியமரத்தில் இறுக்கிக் கட்டி, மிரள வைத்த பையையே கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அரை நாள் துள்ளி, வியர்த்து, ஓய்ந்து நின்றதும் "பழகிவிட்டது" என்கிறார்கள். அது பழகவில்லை. தப்ப வழியில்லை என்று கைவிட்டு நிற்கிறது. இதே குதிரைதான் ஆவணி முகூர்த்தத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது, பேண்டு வாத்தியத்துக்கு நடுவே கேமரா வெளிச்சம் பட்டதும் கூட்டத்துக்குள் பாய்கிறது. அடிபடுவது பெரும்பாலும் கயிற்றைப் பிடித்திருக்கும் கூலிக்காரரும், பக்கத்தில் ஆடிக்கொண்டு வரும் குழந்தைகளும்.

சந்தையில் வாங்கிய குதிரைக்குத் தீபாவளிக்குள் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு வாரம் கிடைக்கிறது. முறையாகச் செய்தால் அது போதும். அந்த முறையைப் பலர் அறியும்படி உங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் மிரட்சி எங்கிருந்து வருகிறது என்று புரிய வேண்டும். குதிரை வேட்டையாடப்பட்ட பிராணி. முதலில் ஓடு, பிறகு என்னவென்று பார் என்பதுதான் அதன் பிறவிப் பாடம். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு இடமும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரியாது. நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகக் காணும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். புல்மேல் கிடக்கும் சிவப்புத் துணியைத் தாண்டிப்போகிற குதிரை, நீலத் தார்ப்பாயைக் கண்டு நிற்பது இதனால்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலிலிருந்து லாயத்துக்குள் இழுக்கும்போது வாசலில் முரண்டு பிடித்தால் ஒரு நிமிடம் நிற்க விடுங்கள். தானே உள்ளே போகும்.

பழக்கத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஒரு பக்கத்தில் வரும் பொருளுக்கு மட்டும் மிரள்கிற குதிரைக்கு அந்தப் பக்கத்துக் கண்ணில் கோளாறு இருக்கலாம். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை பால்பல் விழுந்து முளைக்கும் காலம். ஈறு வலிக்கும்போது கடிவாளம் பட்டாலே தலையை உதறும். அதை மிரட்சி என்று எண்ணிவிடுகிறோம். தீனியையும் பாருங்கள். வேலை இல்லாமல் கட்டிப்போட்டு, கொள்ளும் தவிடும் அள்ளிக் கொடுத்தால் எந்த இளங்குதிரையும் துள்ளத்தான் செய்யும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்குக் காய்ந்த புல், குதிரைமசால் போன்ற நார்த்தீவனம் நாளுக்கு ஐந்து, ஆறு கிலோவாவது வேண்டும். தானியம் அதற்கு மேல், வேலைக்குத் தக்கபடிதான். தினமும் சில மணி நேரமாவது அவிழ்த்துவிட்டு மேயவிடுங்கள்.

இடம், கயிறு பற்றிக் கொஞ்சம். ஐம்பது அறுபது அடி அகலமுள்ள, மண் தரையான, வேலியடைத்த இடம் போதும். முள்கம்பி வேலி கூடவே கூடாது. மிரண்ட குதிரைக்கு முள்கம்பி கண்ணில் படாது. தோல் கிழிந்து தொங்கும். தலைக்கயிற்றில் பூட்டும் பிடிகயிறு பருத்தியில், கட்டைவிரல் பருமனில், பன்னிரண்டு அடி நீளம் இருக்கட்டும். நைலான் கயிறு உருவினால் உள்ளங்கைத் தோல் போய்விடும். எந்தக் கயிற்றையும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடிப்பு மடிப்பாக வைத்துப் பிடியுங்கள். சுற்றிய கையோடு இழுத்துச் செல்லப்பட்டால் விரல் மிஞ்சாது. பழக்கும்போது குதிரையைக் கம்பத்தில் கட்டவும் கூடாது. பின்வாங்கி இழுத்தால் கழுத்து நரம்பு பிசகும், கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்தால் அது பின்னாலேயே துரத்துவதாக எண்ணிக் கண் மண் தெரியாமல் ஓடும். வேறு வேலைக்குக் கட்டவேண்டி வந்தால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

அமைதியான முதிர்ந்த குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் பாதி வேலை முடிந்தது. அது பையை முகர்ந்துவிட்டுப் புல் மேய்வதைப் பார்க்கிற இளங்குதிரையும் தணிகிறது. மிரள்கிற குதிரையைத் துணைக்கு நிறுத்தினால் பயமும் அப்படியே தொற்றிக்கொள்ளும்.

இப்போது பை. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் பைக்குச் செய்வதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முதல் இரண்டு நாள் பையே வேண்டாம். மூன்று சின்னப் பாடங்கள் போதும்: நில் என்றால் நிற்பது, கயிறு லேசாகப் பின்னால் அழுத்தினால் ஓரடி பின்வாங்குவது, கயிற்றை மெல்லக் கீழே இழுத்தால் தலையைத் தாழ்த்துவது. தலை ஓர் அங்குலம் இறங்கிய கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அழுத்தம் விடுபடுகிற அந்தக் கணத்தில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. இடையிடையே பிடரி முடிந்து முதுகு தொடங்கும் திமில் பகுதியை விரல்களால் நன்றாகச் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் நாடித்துடிப்பே குறைகிறது. கழுத்தில் படபடவென்று தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பாராட்டு. பயந்த குதிரைக்கு அது இன்னொரு அடி.

மூன்றாம் நாள் ஒருவர் குதிரையைப் பிடிக்க, இன்னொருவர் கசக்கி உருட்டிய பையோடு பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கட்டும். குதிரை காதுகளை அந்தப் பக்கம் திருப்பி, மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்திப் பார்க்கும். ஆனால் கால் நகராது. அந்தத் தூரம்தான் உங்கள் தொடக்கம். கால் நகர்ந்தால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். இன்னும் பத்தடி தள்ளிப் போங்கள். குதிரைக்குக் குதிரை இந்தத் தூரம் மாறும். சிலதுக்கு ஐம்பதடிகூட வேண்டியிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு பைக்காரர் குதிரைக்கு முதுகைக் காட்டி மெல்ல நடந்து போக, குதிரையை அவர் பின்னால் நடத்திச் செல்லுங்கள். இதுதான் நாங்கள் அறிந்ததிலேயே பலன் மிகுந்த உத்தி. தன்னை நோக்கி வருவது வேட்டை மிருகம். தன்னைவிட்டு விலகிப்போவது ஆபத்தில்லாதது. நாலைந்து சுற்றுக்குள் குதிரை தானே எட்டி நடந்து மூக்கை நீட்டும். முகர்ந்தவுடன் பைக்காரர் இன்னும் ஓரடி விலகட்டும். முகத்துக்கு நேராகப் பையை நீட்டவே கூடாது. நேர் முன்னே அதற்குக் கண் தெரியாது. திடீரென்று மூக்கில் இடித்தால் அன்றைய உழைப்பு போயிற்று.

அடுத்து உடம்பில் படுவது. நாலடி நீளமுள்ள மூங்கில் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் குச்சியால் தோளைத் தேயுங்கள். பிறகு குச்சி நுனியில் பழைய துணி. அதற்கும் அசையாமல் நின்றால் கசக்கிய சிறு பை. நீங்கள் நிற்கும் இடம் அதன் தோளுக்குப் பக்கத்தில், சற்றே சாய்வாக. முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். தோள், திமில், முதுகு, கழுத்து, பின்தொடை, வயிறு, பின்னங்கால் என்ற வரிசையில் போங்கள். முகமும் காதும் கடைசி. ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணும் நேரம் தேய்த்து, குதிரை அசையாமல் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். நாலைந்து எண்ணும் நேரம் ஓய்வு. மறுபடி.

எடுக்கும் நேரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குதிரை துள்ளும்போது பாவம் என்று பையை எடுத்துவிட்டால், துள்ளினால் பை போய்விடும் என்று அது கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் பலமாகத் துள்ளும். அதற்காகத் துள்ளுகிற குதிரையின்மேல் விடாமல் பையை உரசிக்கொண்டே ஓடுவதும் சரியல்ல. அசைவைக் குறையுங்கள், குச்சியைச் சற்று விலக்குங்கள், ஆனால் முழுதாக எடுக்காதீர்கள். கால் நின்ற நொடியில் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். நன்றாகப் பழக்குபவர் கையில் குதிரை துள்ளுவதே அபூர்வம். துள்ளலுக்கு முந்தைய அறிகுறியிலேயே அவர் கையை எடுத்துவிடுவார்.

இடப்பக்கம் முடிந்தால் வலப்பக்கத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரே பொருள் இன்னொரு பக்கத்திலிருந்து, இன்னொரு கோணத்தில் வந்தால் குதிரைக்குப் புதுப் பொருள்போலத்தான். நாம் எப்போதும் இடப்பக்கமே நின்று பழகுவதால் வலப்பக்கம் கூடுதலாக நேரம் பிடிக்கும்.

ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் அதற்குத் தெரிந்த சுலபமான வேலையோடு முடியுங்கள்.

குதிரை தணிந்து நிற்கிறதா, உறைந்து நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தணிந்த குதிரை கண் சிமிட்டும், தலை திமில் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கும், பெருமூச்சு விடும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கும். உறைந்த குதிரையும் அசையாதுதான். ஆனால் தலை உயர்ந்திருக்கும், கண் சிமிட்டாது, மூச்சு அடங்கியிருக்கும், வால் பின்தொடைகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும், கையில் தீனி நீட்டினால் தொடாது. கழுத்தைத் தொட்டால் பலகைபோல இருக்கும். உறைந்த குதிரை முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும். சந்தேகமாக இருந்தால் தாடையின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். இளங்குதிரைக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் குதிரையின் ஓய்வு எண்ணிக்கையை முன்னாடியே குறித்து வைத்துக்கொண்டு, அதன் அருகில் திரும்பும்வரை அடுத்த படிக்குப் போகாமல் இருங்கள்.

"மெதுவாகச் செய்தால் வருஷக்கணக்காகும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. டென்மார்க்கில் 27 இரண்டு வயது ஆண்குதிரைகளை மூன்று பிரிவாக்கி, அசையும் வெள்ளை நைலான் பைக்குப் பழக்கிப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முழு அசைவையும் நேரடியாகக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்குத் தீனியோடு சேர்த்துக் காட்டினார்கள். மூன்றாம் பிரிவுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். சிறிது சிறிதாகக் கூட்டிய பிரிவில்தான் எல்லாக் குதிரைகளும் பழகின, அதுவும் குறைந்த முறைகளில். மற்ற இரண்டிலும் கடைசிவரை பழகாத குதிரைகள் இருந்தன. தீனி உதவும்; ஆனால் படிப்படியாகக் கூட்டுவதற்குத் துணையாக மட்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கைப்பிடிக் கொள்ளை நீட்டினால் அது தின்னாது. தின்றாலும் பயத்தோடு விழுங்கும்.

குடைக்கு வருவோம். குடையில் பயமுறுத்துவது மூன்று: "டப்" என்ற சத்தம், திடீரென்று பெரிதாகும் உருவம், அது அசைவது. மூன்றையும் பிரியுங்கள். விரித்த குடையைத் தரையில் வைத்து, கம்பியை மண்ணில் ஊன்றி, காற்றில் உருளாமல் செய்து, அதைச் சுற்றிலும் நடத்துங்கள். மறுநாள் பாதி விரித்த குடையைக் கையில் பிடித்து விலகி நடங்கள். மூடுவதும் விரிப்பதும் இருபதடி தூரத்தில், குதிரைக்கு எதிர்ப்பக்கம் பார்த்து, கையால் மெல்ல. பட்டனை அமுக்கி விரிக்கும் குடை கடைசி வாரம்.

தார்ப்பாயை ஒரேயடியாக விரித்து மேலே இழுக்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு தார்ப்பாய்களை ஓரடி அகலமாக மடித்து, நடுவே எட்டடி இடைவெளி விட்டுப் போடுங்கள். அந்த இடைவெளியில் நடத்துங்கள். இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒன்றாகச் சேர்ந்தபின் ஓரடிப் பட்டையைத் தாண்ட விடுங்கள், பிறகு பட்டையை விரியுங்கள். ஓரங்களில் மண்ணை அள்ளிப் போட்டு அழுத்துங்கள். லாடத்தில் சிக்கிக் காலோடு வந்தால் ஒரு மாத வேலை வீண். தரையில் நிறம் மாறும் இடத்தின் ஆழம் அதற்குப் புரியாததால் முதல் முறை தாவிக் குதிக்கும். அப்போது நேர் முன்னே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். இது பழகினால் வேகத்தடையின் வெள்ளைக்கோடு, மழைக்குட்டை, பாலத்தின் இரும்புப் பட்டை எல்லாம் பின்னாலேயே சுலபமாகும்.

வாகனத்துக்கு: நிறுத்திய பைக், ஓடும் எஞ்சினோடு நூறடி தூரத்தில் பைக், குதிரையைவிட்டு விலகிப் போகும் பைக், பிறகு எதிரே வந்து பத்துப் பதினைந்தடி தள்ளிக் கடக்கும் பைக். ஹாரன் எல்லாவற்றுக்கும் பின். சாலையில் நடத்தும்போது வண்டிகள் போகும் பக்கத்தில், குதிரைக்கும் வண்டிக்கும் நடுவே நீங்கள் நடக்க வேண்டும். குதிரை எப்போதும் பயந்த பொருளிலிருந்து எதிர்ப்பக்கம் தாவும். மறுபக்கம் நின்றால் உங்கள்மேல்தான் விழும். மிரட்டும் பொருள் எதுவானாலும் இந்த விதி மாறாது.

ஒரு பிளாஸ்டிக் பைக்குப் பழகிய குதிரை எல்லாப் பைகளுக்கும் பழகிவிட்டதென்று நம்பாதீர்கள். வெள்ளை, மஞ்சள், நீலம், உரச்சாக்கு, மொறமொறக்கும் சிப்ஸ் உறை என்று ஐந்தாறு வகையாவது, லாயத்தில், களத்தில், தெருவில் என இடம் மாற்றிக் காட்டவேண்டும். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் பயம் ஓரளவு திரும்பும். அது தோல்வியல்ல, இரண்டு படி இறங்கித் தொடங்கினால் முன்பைவிடச் சீக்கிரம் ஏறும்.

கண்மறைப்பு மாட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். வண்டிக் குதிரைக்கு அதற்கு ஓர் உபயோகம் உண்டு. ஆனால் பயம் அப்படியே உள்ளே இருக்கும். மறைப்பு நழுவிய நாளில் வெளியே வரும். முள் கடிவாளத்தைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்லவேண்டும். முள்ளும் குமிழும் வைத்த கடிவாளத்தையும் முள் குச்சியையும் 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. அதே விதிகளின்படி வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கவும் கூடாது. இருந்தும் கல்யாண ஊர்வலங்களில் வாயோரம் ரத்தம் கசியும் குதிரைகளைக் காண்கிறோம். பையைக் கண்டு மிரளும் கணத்தில் வாயில் முள் குத்தினால், பை குத்துகிறது என்றுதான் குதிரை முடிவு கட்டும். பயத்தின்மேல் வலியையும் சேர்த்து வைக்கிறோம்.

தீபாவளிக்கு ஆவணியிலேயே தொடங்க வேண்டும். வெடிச்சத்தத்தையும் பறை, பேண்டு ஒலியையும் செல்பேசியில் பதிந்து சிறு ஒலிபெருக்கியில், தீனி தின்னும் நேரத்தில், மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். காது மட்டும் திரும்பி வாய் மென்றுகொண்டே இருக்கும் அளவு சரியானது. மெல்வது நின்றால் குறையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சற்றே கூட்டுங்கள். ஒலிபெருக்கியின் இடத்தையும் மாற்றுங்கள். பதிவில் தரை அதிர்வும் மருந்து வாடையும் மின்னலும் இல்லை என்பதால் அது பாதிப் பாடம்தான். மீதிக்கு, ஊர்த் திருவிழாவில் மேளம் அடிக்கும் இடத்துக்கு முந்நூறு அடி தள்ளி, துணைக்குதிரையோடு பத்து நிமிடம் நிறுத்தி, தணிந்திருக்கும்போதே திருப்பிக் கூட்டிவாருங்கள். குதிரையின் பக்கத்தில் வெடி வைத்துப் பழக்குகிற கொடுமையைச் செய்யவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் தீபாவளி இரவில் வெளியே கட்ட வேண்டாம். லாயத்துக்குள் துணைக்குதிரை பக்கத்தில் இருக்க, கட்டாமல் அவிழ்த்துவிட்டு, சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு மின்னலை மறைத்து, மஞ்சள் விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். ரேடியோ ஓடட்டும். விடியும்வரை தீராத அளவு புல் போடுங்கள். மறுநாள் காலை அவிழ்ப்பதற்கு முன் மேயும் இடத்தையும் தெருவையும் பெருக்கி, கம்பி மத்தாப்புக் கம்பி, ஆணி, உடைந்த பாட்டில் ஏதும் இல்லாமல் பார்த்து, நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். குளம்பில் சிறு துளை இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரைப் பார்த்து, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று சொல்லுங்கள். கால்நடைகளில் அந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான்.

இப்படிக்கு,
குதிரை பழக்குவோர் சிலர்,
கோபிசெட்டிபாளையம் வட்டாரம்